எட்டு மாதம்

டாக்டர் ஷிஃபானா தாளைப் பார்த்துக் கேட்டார்.
வயது?
ஐம்பத்தெட்டு.
"நல்லது" என்றார்.
ஐம்பத்தெட்டை நல்லதென்று யாரும்
இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில்
சாயல்குடி பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும்,
அவ்வளவு நேரம் எடுக்கிறாள் அமலோற்பவம்.
அதுவும் நல்லதாம்.
குடல் அழுகிவிட்டது, உள்ளே உப்புத்தான் மிச்சம்,
எனக்குச் சோறு வைப்பது வீண்
என்று அவள் சொன்னதைச் சொன்னேன்.
தலையாட்டி அதற்கும் ஒரு டிக்.
மோசமெல்லாம் அந்தத் தாளில்
நல்லதாக விழுந்துகொண்டிருந்தது.
இப்படி இருப்பவர்கள்தான்
கரண்டு வைத்தியத்தில் சீக்கிரம் எழுந்திருப்பார்கள் என்றார்.

பிறகு கேட்டார்:
எவ்வளவு நாளாக?

மூக்கையூரில் நண்டு எடை போடுகிறவன் நான்.
தராசில் எங்கே விரல் பட்டால் எத்தனை கிராம் என்று
கைக்கே தெரியும்.
வெகுநாள் படுத்தவர்களுக்கு அவ்வளவாகப் பலிக்காது என்று
வராண்டாவில் யாரோ யாரிடமோ சொன்னது
காதில் கிடந்தது.

எட்டு மாதம் என்றேன்.

மூன்று வருஷம்.
சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி
மிக்ஸியில் அரைத்த தேங்காயை வழிக்காமலே
போய்ப் படுத்தவள்.

டாக்டர் கூட்டிப் பார்த்தார்.
இந்த மாதிரி பத்துப் பேரில் ஏழு பேர் தேறலாம்,
சத்தியம் இல்லை, கணக்குத்தான் என்றார்.
அந்த ஏழில் ஒரு ஆள்
என் விரலின் கனம்.

செவ்வாய், வெள்ளி.
காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது.
என்னை உள்ளே விடவில்லை.
மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம்,
கால்விரல் லேசாக ஆடும், அவ்வளவுதான் என்றார் நர்ஸ்.
ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் அசைவில்லை.
டாக்டர் பழைய தாளைத் திரும்ப எடுத்தார்.
சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது முடிந்து திரும்பும் பஸ்ஸில்
சிக்கல் தாண்டியிருக்கும்,
"நீலக்கால் நண்டு இப்ப என்ன விலை?" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.
யாரோ பின்சீட்டில் கேட்பது போலிருந்தது.
கிலோ ஐந்நூற்றி இருபது என்றேன்.

"முந்நூறுதானே?"

நான் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை
வேண்டுமென்றே மெதுவாக எண்ணி வாங்கினேன்.

"எத்தனை நாளா நான் இப்படிக் கெடந்தேன்?"

டாக்டரிடம் சொன்ன கணக்கு ஒன்று,
சொல்லாத கணக்கு ஒன்று,
இரண்டும் நாக்கில்.
இதற்கு எங்கே விரல் வைப்பதென்று
கைக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரம் சீமைக்கருவேலம் உரசிக்கொண்டே வந்தது.
என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.
மடியில் விரல்களை மடக்கி
முந்நூறிலிருந்து
எண்ணத் தொடங்கியிருந்தாள்.