மொவே தான்

திருப்பூரில் எனக்குக் குறை பார்க்கும் வேலை.
பனியனைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து,
தப்பிய தையல் எத்தனை என்று எண்ணுவேன்.
மொரீஷியஸுக்கும் அதற்காகத்தான் அனுப்பினார்கள்.
சனிக்கிழமை மதியம் ஆலையை மூடிவிட,
குட்லண்ட்ஸில் பஸ் மாறி
கரும்புக்கு நடுவே ஒடுங்கி ஓடிய சாலையில் போய்
கிரான் கோப்பில் இறங்கினேன்.

ஹோட்டல் பையன் சொன்னது பொய்யில்லை.
பழைய மீன்பிடி ஊர், காலண்டரில் வருவது மாதிரியே.
சவுக்கு மரங்கள், கரும்பாறை,
பச்சைக் கண்ணாடி வளையலைக் கரைத்து ஊற்றிய தண்ணீர்,
அதன்மேல் நாற்பது படகுகள்
எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பி
காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டு.
வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
நீலத் துணி பிரிந்துவிடாமல்
யாரோ ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

குறை தேடினேன். பழக்கதோஷம்.
ஒன்றும் அகப்படவில்லை.

மீன்துறை அலுவலக வாசலில் ஒரு வரிசை.
வரிசை என்றால் கடைசியில் போய் நிற்பது நம் ரத்தம்,
எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.
எனக்கு முன்னால் நின்றவர் பனியன்
அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கத் தையல் விட்டிருந்தது.
கழுத்தில் மடங்கித் தெரிந்தது எங்கள் ஊர் லேபிள்.
விரல் தானாகப் போய்த் தொட்டுவிட்டது.
திரும்பினார். கிளென்சி என்று பெயர்.
"உப்பு தின்றுவிட்டது" என்றார் அரைகுறை இங்கிலீஷில்,
"நூலை மட்டும். துணி நல்ல துணி."
இருபத்திரண்டு வருஷத்தில்
இப்படி ஒரு சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள்
நிமிராமலே பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.
அட்டை எண்?
படகில்லை எனக்கு, என்றேன்.
வரிசை முழுக்கச் சிரித்தது.

மொவே தான், என்றார் கிளென்சி.
கிரியோலில் அப்படியென்றால் கெட்ட வானிலை.
அவர்களுக்குத் 'தான்' என்றால் காலமும் காற்றும்.
நமக்கு, சொன்னதையே அழுத்திச் சொல்ல.
இன்று கடலுக்குப் போக வேண்டாமென்று உத்தரவு.
கையெழுத்துப் போட்டால் ஒரு நாள் படி உண்டு,
ஒரு நல்ல மீனின் விலைகூட இல்லை அது.

நான் வெயிலைக் காட்டினேன். தண்ணீரைக் காட்டினேன்.
இடுப்பளவில் ஒரு சிறுமி
நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததையும் காட்டினேன்.
அவர் என் தோளைப் பிடித்து
அந்த வெள்ளைக் கோட்டுக்கு நேரே திருப்பி வைத்தார்.
"இங்கிருந்து நூல். பக்கத்தில் போனால்
மாதா கோயில் உயரம்."
பேச்சு நின்ற அந்த இடைவெளியில் கேட்டது:
ஊர்த் தறியெல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்ட மாதிரி.
வந்து இறங்கியதிலிருந்தே கேட்டிருக்கிறது.
பஸ் இரைச்சல் காதில் மிச்சம் என்று விட்டிருக்கிறேன்.

"படம் எடுத்துக்கொள், இன்றைக்குத்தான் முடியும்.
நல்ல நாளில் வந்தால் இங்கே ஒன்றும் இருக்காது.
வெறும் தண்ணீர்.
நாங்களெல்லாம் அந்தப் பக்கம் இருப்போம்."

எடுத்தேன். மனைவிக்கு அனுப்பினேன்.
எவ்வளவு அழகு, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே, என்றாள்.
அழகுதான், என்று தட்டினேன்.
அதற்குமேல் விரல் ஓடவில்லை.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
என் பையில் எப்போதும் ஓர் ஊசி கிடக்கும்.
பனியனைக் கழற்றச் சொன்னேன்.
பருத்தி நூலைப் பார்த்துத் தலையாட்டி மறுத்துவிட்டு
படகிலிருந்து தூண்டில் நரம்பு கொண்டுவந்தார் கிளென்சி.
வழுக்கியது. முடிச்சு நிற்கவில்லை.
அவர்தான் முடிந்து கொடுத்தார், பல்லால் இழுத்து.

முப்பது தையல். நாலைந்து கோணல்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
சரி என்று கொடுத்துவிட்டேன்.