பதினொன்றாம் எண் கூண்டு

மஞ்சக்குப்பத்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்,
இரவு பத்தே முக்காலுக்குக்
கம்பைலர் சொல்கிறது:
"வரி நாற்பத்தொன்று. இங்கே ஒரு பெயர் எதிர்பார்க்கப்பட்டது."

பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.
அதற்கு முன்னால் ஓர் அடைமொழி, அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டுகளின் பட்டியல் அது.
ஒன்று, எங்கோ தொலைவில் காற்று சுழல்கிறது.
ஐந்து, புயல் நம்மை இடக்கையில் விட்டுக் கடக்கும்.
ஆறு, வலக்கை. ஏழு, நேராகத் தலைமேல்.
பத்துவரை சோனாங்குப்பத்தில் பால்வாடிப் பிள்ளையும் சொல்லும்.
பதினொன்றை நான் கேள்விப்பட்டதோடு சரி:
வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது,
இனி எங்களுக்கே எதுவும் தெரியாது.

"ஆளுக்கு ரெண்டு போன் வச்சிருக்கான், இது எதுக்குங்க?"
என்றார் குலோத்துங்கன் சார்.
"அழிக்க வேணாம். வழக்கொழிந்ததுன்னு ஒரு குறி போட்டுடுங்க."

போட்டேன்.
தமிழ் பேசுகிறவள் போடுகிற மாதிரி முன்னால் போட்டேன்.
கிழிந்த சட்டை. ஆறிய காப்பி. காலஞ்சென்ற இன்னார்.
பண்பு வந்து கதவைத் தட்டிய பிறகுதானே
நம்மிடத்தில் ஆள் உள்ளே வருவார்?

சரி என்று பின்னால் கொண்டுபோய், எண்ணுக்கும் அப்பால் வைத்தேன்.
"காற்புள்ளியோ மூடும் அடைப்போ எதிர்பார்க்கப்பட்டது."
பட்டியலுக்கு வெளியே வாசலில் வைத்தேன்.
"பண்பு புறக்கணிக்கப்பட்டது."
(பிழை என்று திட்டியிருக்கலாம்.)
பட்டியலின் பெயரோடு ஒட்டவைத்தேன்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
பதினொரு கூண்டும் மொத்தமாக வழக்கொழிந்து
இருநூற்றுப் பதினேழு எச்சரிக்கைகள் திரையில் ஓடின.
கடலூருக்கு இனிமேல் புயலே கிடையாது.

பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவில்
ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. அங்கேதான்.
முதலில் நீ யார் என்று சொல்,
பிறகு உன்னை என்ன செய்துவிட்டார்கள் என்று சொல்,
அதன் பிறகு உன் எண்.
அந்த ஒழுங்கு பிடிபட்டபோது கரண்ட் போயிற்று.

ஜன்னல் தகரத்தில் மழை.
கீழே யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம்.
ஹார்பரில் பெயர்ப்பலகையைச் சோதிக்கப் போன
ஷர்புதீனுக்கு அடித்தேன். டவர் இல்லை.
இன்னொரு சிம்மில் அடித்தேன். அதிலும் இல்லை.
நெட் இல்லை. மடிக்கணினியில் நாற்பது விழுக்காடு.
நாற்பத்தொன்றாம் வரியில் கர்சர்
இரட்டை அடைப்புக்குள் கண்சிமிட்டியபடி.

அடைப்பை அழித்தேன். உள்ளே இருந்ததையும்.
ஓடவிட்டேன்.

பிழை இல்லையென்றால் கம்பைலர் வாய் திறக்காது.
போனும் திறக்கவில்லை.
ஒரு மௌனம், எல்லாம் சரி என்கிறது.
மற்றது பதினொன்று.

நாளை குலோத்துங்கன் சார் கேட்பார்.
"கம்பைலர் ஒத்துக்கல சார்" என்பேன்.
மூன்று இடத்தில் அது உண்மையும்கூட.