பன்னிரண்டு காய்ச்சல்

கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே
தேநீர் வேண்டாமென்று முடிவாயிற்று.
திட்டக்காரர் தரும் பணிஸும் வாழைப்பழமும்
அறிக்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமாம்.
பர்ஸானா சொன்னார். அளவீட்டில் கலாநிதி.
பேராசிரியர் ரணவீரவுக்கு நீரிழிவு;
பணிஸை மறுக்க அவருக்கு விதி தேவையில்லை.
மூன்றாவது ஆள் நான், வவுனியாவிலிருந்து.
இந்த மாவட்டத்தில் எனக்கு
ஒரு மச்சாள்கூட இல்லையென்று
கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன்.

ஈச்சிலம்பற்றுக்கு அப்பால் அந்தப் பள்ளிக்கூடம்.
வாசிப்பு மேம்பாட்டுத் திட்டம், மூன்றாம் ஆண்டு.
நூற்றுக்கு எண்பத்தாறு பேர் சரளம்
என்றது வாசலில் கட்டிய பதாகை.
தரம் நான்கு. இடாப்பில் நாற்பத்தொன்று.
தலைகளை எண்ணினேன்: இருபத்தொன்பது.
எல்லாம் எண்ணெய் வைத்துச் சீவிய தலைகள்.
வாசித்தார்கள்,
முற்றுப்புள்ளியில் மூச்செடுத்து
கேள்விக்குறியில் புருவம் உயர்த்தி.
நால்வர் மட்டும் தடக்குப்பட்டனர்.
பதாகையும் நாங்களும் ஒரே எண்ணில் நின்றோம்.

"மற்றப் பன்னிரண்டு பேரும்?"
அதிபர் குகநேசன்
மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.
"காய்ச்சல், மிஸ்."

காய்ச்சல்கள் களப்பில் நின்றன,
முழங்கால் சேற்றில், மட்டி பொறுக்கிக்கொண்டு.
"இண்டைக்கு வரவேணாமெண்டு சொன்னாங்க"
லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பெடியன்.
யதுர்சிகா என்ற பிள்ளை
வாளியை இடுப்பில் இடுக்கியபடி
என் கோப்பை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள்.
எழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழ்.
"சு... சுயா... தீன"
சேற்று விரல் காகிதத்தில் ஊர்ந்தது
"ம... திப்... பீட்டு..."
நிறுத்தற்கடிகாரத்தை எவரும் அமுக்கவில்லை.
ஒரு கொக்கு எழும்பிப் போய்
வேறிடத்தில் இருந்தது.
"குழு."

"சுயாதீனமெண்டா என்ன மிஸ்?"
ஒருத்தருக்கும் கட்டுப்படாமல் பார்க்கிறது, என்றேன்.
ஒரு மட்டியை அலசி வாளியில் போட்டாள்.
"அப்ப உங்களுக்கு ஆர் காசு தாற?"

பேராசிரியருக்குத் தமிழ் விளங்காது.
என்ன கேட்டாள், என்ன கேட்டாள் என்றார்.
பர்ஸானா சப்பாத்தில் சேறு பார்த்தார்.
பதாகையில் இருந்த அதே இலச்சினைதான்
எங்கள் மூவரின் நியமனக் கடிதத்திலும்.

இரவு, உப்புவெளி விடுதி.
இருபத்தைந்தை நாற்பத்தொன்றால் வகுத்து
அறுபத்தொன்று என்று எழுதினோம்.
யதுர்சிகாவை எங்கே போடுவது?
தலைகீழாக வாசிப்பவர்களுக்கு
அட்டவணையில் நிரல் இல்லை.
பர்ஸானா மூன்று தரம் அழித்தார்.

கடைசிப் பக்கத்தில் நான் ஓர் அடிக்குறிப்பு வைத்தேன்:
இக்குழுவின் கொடுப்பனவு
மதிப்பிடப்பட்ட திட்டத்தின் நிதியிலிருந்தே வருகிறது.
சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன்,
களப்பில் விட்ட கேள்வியையும் சேர்த்து.
ரணவீர கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
பிறகு சொன்னார்:
எழுத்து சின்னனாக இருக்கிறது,
கொஞ்சம் பெரிதாக்குங்கள்.