காவலனைக் கொண்டு செல்கிறார்கள்

பழைய நாடகத்தில் அவனுக்கு ஒரே வரி:
“கோட்டைக் கதவைத் திறந்தது நான்தான், மன்னவா.”
அடுத்து அடைப்புக்குறிக்குள்
(காவலனைக் கொண்டு செல்கிறார்கள்).
மூன்று மணி நேர நாடகத்தில்
அவன் கழுத்துக்குச் செலவானது அரை நிமிடம்.

அதனால் டத்தோ கிராமாட் சாலையில்,
பல்மருத்துவருக்கு மேல்மாடி மன்றத்தில்,
சனிக்கிழமை மேல்முறையீடு.
நீதிபதி, ஓய்வுபெற்ற ஃபெரி கணக்கர் சவரிமுத்து.
மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டதில் கறுப்பு அங்கி.
அரசு தரப்பில் மருந்துக்கடை குமுதவல்லி.
இரண்டு நாற்காலி முதுகு சேர்ந்தால் கூண்டு.
கூண்டில் நான்.
கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவன்தானே,
பழகியிருக்கும் என்றார்கள்.

“அன்றைக்கு நீ கடைசியாகச் சாப்பிட்டது எப்போது?”
எழுதினவர் எழுதாத கேள்வி.
குமுதவல்லி விடவில்லை.
தாழ்ப்பாளின் துரு, தீவட்டியில் எண்ணெய் எவ்வளவு,
வெளியே அழுத குழந்தையை
எத்தனை நாழிகை கேட்டுக்கொண்டிருந்தாய்?
பொய்யாக யோசித்தேன், மெய்யாக வியர்த்தது.
சவரிமுத்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்,
பேனாவில் மை தீர்ந்த பிறகும்.

வாக்குக்கு ஆளுக்கொரு கடலை, இரண்டு மைலோ டின்.
எண்ணும்போது ஏழு குறைந்தது.
யாரோ தீர்ப்பைத் தின்றிருக்கிறார்கள்.
மிஞ்சியதில் விடுதலை.
கைதட்டல், தே ஓ, மீ கோரிங் பொட்டலம்.
படியிறங்கும்போது
கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

திங்கள். லைட் ஸ்திரீட், மாஜிஸ்திரேட் கோர்ட்.
ஜெலுத்தோங் கிடங்கில் ஜாகா வேலை,
பெயர் பெரியண்ணன், வயது ஐம்பத்தெட்டு.
“தெறந்து விட்டது நாந்தாங்க.”
மலாயில் சொன்னேன்: சாயா.
கடல் தாண்டினால் அது தேநீர்,
இங்கே அது ‘நான்’.
பதினாறு வருஷமாய் என் வாயில்
எத்தனை பேருடைய நான்!
திருடிய நான், அடித்த நான்,
லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டிய நான்.

நான்கு நிமிடம்.
சாப்பிட்டீர்களா என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை,
இருந்தவர்கள் கேட்கவில்லை.
அவர் என்னையே பார்த்தார்.
தமிழ் வருகிற பக்கம்தானே பார்க்க முடியும்.
கடலைத் தோல்போல நாக்கடியில்
ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒன்பது மாசம்” என்றேன்.
மலாயில் வந்தது இன்னொருவர் குரல்,
அவர் காதுக்குப் போனது என்னுடையது.
“சரிங்க” என்றார், என்னிடம்.

போலீஸ்காரர் அவர் முழங்கையைத் தொட்டார்.
அடைப்புக்குறி எங்கேயும் தெரியவில்லை.