டிம்

கடைசி பஸ். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு.
முள்ளோடையில் குடித்தவர்கள் ஏறினால்
இன்னும் பத்து நிமிடம் கூடும்.
மடிக்கணினி தொடையில் சுடுகிறது.
நான்கு கோடி மோதல்களைப் பொய்யாக நடத்திப் பார்த்ததில்
தேறியவை பதினேழு.

"இந்நேரத்துல என்ன வேலைம்மா?"
டிக்கெட் கிழித்தபடி வரதப்பன்.
வெளிச்சத்தை வெளிச்சத்தோடு முட்டவிடுகிற வேலை என்றேன்.
அவர் முன்கண்ணாடியைக் காட்டினார்.
தவளக்குப்பம் வளைவில் எதிரே ஒரு லாரி.
அதன் விளக்கும் நம் விளக்கும்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
கீறலில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தன.
"முட்டலியே."

முட்டாது. சாதா வெளிச்சத்துக்கு
அந்தத் தெம்பு கிடையாது, அண்ணே.
எலெக்ட்ரான்களை விரட்டு விரட்டென்று விரட்டி
எதிரே வரவிட்டு
அதன் நெற்றியில் லேசரை எறியணும்.
ஓடி வரும் பஸ்ஸின் கண்ணாடியில் பட்ட ரப்பர் பந்து மாதிரி
அது திரும்பும்,
பஸ்ஸின் வேகத்தில் முக்கால்வாசியைப் பிடுங்கிக்கொண்டு.
அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு பந்து.
நடுவில் மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்த இடம்.
அங்கேதான்

"பந்து சரி. பஸ் என்னாகும்?"

யாரும் கேட்டதில்லை.
கருத்தரங்கில் நான் காட்டும் படத்தின் ஓரத்தில்
அது வளைந்து போகிற ஒரு நீலக் கோடு.
இருந்ததைக் கொடுத்துவிட்ட எலெக்ட்ரானைக்
காந்தம் ஓரங்கட்டும்.
தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் முடியும்.

"தண்ணி கொதிச்சிடாது?"
கொதிக்க விடாமல் சுற்றவிடுவோம்.
"ம்" என்றார். சில்லறையை எண்ணப் போய்விட்டார்.

ரெட்டிச்சாவடி தாண்டி இருட்டு.
ஓட்டுநர் ஜமால்தீன் எதிர்வண்டிக்கு டிம் அடிக்கிறார்.
அவன் அடிக்கவில்லை.
ஒரு கெட்ட வார்த்தை. மறுபடியும் டிம்.
விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்குத்தான் கண் கூசி
திரையிலிருந்த பதினேழும் காணாமல் போய்
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது கேட்டார்:
"அதுல ஒண்ணாவது நெசமா?"
இல்லை. எல்லாம் கணக்கு.
இயந்திரமே இன்னும் கட்டவில்லை,
எந்த நாடு காசு தரும் என்றும் தெரியாது.
அவர் சிரித்த சிரிப்பில்
பின்சீட்டில் தூங்கியவன் விழித்துக்கொண்டு
என்ன ஊர் என்றான்.

விசில்.
எல்லோரையும் இறக்கிவிட்ட பஸ்
மெதுவாக வளைந்து டிப்போ பக்கம் போனது.
அதன் சூடு மட்டும்
கொஞ்ச நேரம் என் கணுக்காலில் இருந்தது.