அரைப்பேர்

பொகவந்தலாவைக்கு மேலே
ஏழாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பரா
இப்போது அருங்காட்சியகம்.
கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி,
கண்ணாடிக்குள் செக்ரோல்.

பதிவுக் கருவியை அழுத்திவிட்டு
"முழுப்பேரைச் சொல்லுங்க" என்றேன்.
சிலம்பாயி சிரித்தாள்.
"எனக்கு எப்பவும் அரைப்பேர்தான் தம்பி.
ரெண்டு கிலோ கொறஞ்சா வேறென்ன போடுவான்?"
கறைபிடித்த விரலைக் கண்ணாடியில் ஊன்றி
ஒரு பாதிக்கோட்டைக் காட்டினாள்.

பிறகு
காமன் கூத்தில் ரதி அழும் இடத்தைத்
தொடங்கியவள்
சட்டென்று நிறுத்தினாள்.
மாசி பிறக்காமல் மீதி வராதாம்.
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பதிவில் மிச்சம்
பதினேழு நிமிடம்
தகரத்தில் மழை.

அதையும் வெட்டாமல் வைத்து
பட்டியலில் எழுதினேன்:
சிலம்பாயி,
முழுப்பேர்.