இடம்புரி

நாரினில் பனி உருகிச் சேறாகும் மாதம்.
முற்றத்தில் நிற்கிறது எங்கள் காஸ் அறுபத்தாறு,
ராணுவம் கழித்துவிட்ட பச்சை,
என்னைவிட ஐந்து வயது மூத்தது, மூக்கில்லாத முகம்.
அது குடிக்கும் பெட்ரோலுக்கு
மேய்ச்சல் மலை ஒருமுறை போய்வர
ஓர் ஆடு விற்கவேண்டும்.

இந்த வருஷம் நான்கை ஒன்றாய் விற்றேன்.
ஏதோ டிராக்டரிலிருந்து பிடுங்கிய டீசல் எஞ்சின்
பிஷ்கெக்கிலிருந்து வைக்கோலுக்கு நடுவே வந்து இறங்கியது.
"மரை கழன்றுவிட்டதா உனக்கு?" என்றாள் நாத்தனார் ஊல்கான்.
கழன்றால்தானே, என்றேன்.
பிரேக்கைப் பிரிக்கலாமென்று உட்கார்ந்தால்
முன் இடச்சக்கரத்தில் ஆறு மரையும்
அசைவேனா என்கின்றன.

மெலிஸ் கிராஸ்னயார்ஸ்கில் கிரேன் ஓட்டுகிறான்.
சாயங்காலம் கைப்பேசிக்குள் வந்து
கண்ணாடி விரிசலுக்குக் கீழே உட்கார்ந்து
எனக்கு வேலை சொல்வான்.
"இடப்பக்கம் கவனம், சைரா, அது வந்து"
என்றவன் கட்டம் கட்டமாய் உறைந்துபோனான்,
வாய் திறந்தபடி.

மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.
ஊதுவிளக்கில் சிவக்கக் காய்ச்சினேன்.
ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறிக் குதித்தேன்.
அறுபத்து மூன்று கிலோ நான்.
ஊல்கானையும் ஏற்றினேன், எண்பத்தேழு.
இரும்பு ஒரு முறை கிறீச்சிட்டது.
அசைகிறது, அசைகிறது என்று கத்தினோம்.

மறுநாள் சிக்னல் வந்ததும்
திறந்த வாய் மிச்சத்தைச் சொன்னது:
"இடம்புரி."

இந்தப் பக்கத்து மரைகள் மட்டும்
எதிர்த்திசையில் கழலுமாம்.
ஓடுகிற ஓட்டத்தில் தானாய்க் கழலாதிருக்க
எவனோ யோசித்துச் செய்தது.
நேற்றுப் பகலெல்லாம் நூற்றைம்பது கிலோ சேர்ந்து
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.
ஊல்கான் சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
குழாயை மறுபக்கம் போட்டு முதல் மரை நகர்ந்தபோதுதான் வந்தது,
நிறுத்தமுடியாமல்.

எஞ்சின் உட்கார்ந்தது. கேபின் மூடவில்லை.
பதினொரு சென்டிமீட்டர் உயரம் அதிகம்.
இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையை வெட்டி
செத்துப்போன வாஷிங் மெஷினின் வெள்ளைத் தகட்டை வளைத்து
மேடாய் ஒரு மூடி பற்றவைத்தேன்.
பற்று கோணல்தான். ஒழுகாது.
தொட்டில் படுக்கை மாட்டும் கொக்கி ஒன்று
குறுக்கே வந்தது, அறுத்தேன்.

கைப்பேசியைச் சுற்றிக் காட்டினேன்.
"நடுவில் இவ்வளவு உயரமா?
அந்தப் பக்கம் இருப்பவர் முகமே தெரியாதே" என்றான்.
இரண்டு வருஷமாய் அந்தப் பக்கம் யார், என்றேன்.
இந்த முறை சிக்னல் போகவில்லை.
இருந்தும் முகம் உறைந்தது.

சனிக்கிழமை.
மூன்று தடவை இருமி, நீலமாய்க் கக்கி,
நான்காவதில் பிடித்தது.
கோழிகள் வேலிக்கு அந்தப்பக்கம்.
ஊல்கான் என்னவோ சொன்னாள்,
எனக்கு உதடுதான் தெரிந்தது.

இந்த வண்டியில் கியர்க் கோல் முதுகுக்குப் பின்னால்.
முகம் சாலையில் இருக்க
கை மட்டும் பின்னே போய்த் தேடவேண்டும்.
புதியவர்கள் திட்டுவார்கள்.
கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்,
பிறகு தேடாமலே போய்ப் பிடிக்கும்.

ஆற்றோர மேட்டை
இரண்டாம் கியரிலேயே ஏறிற்று.
மேலே நிறுத்தி, அணைக்காமல்,
அந்தச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன்.

"மூன்றாவது சிலிண்டரில் வால்வு தட்டுகிறது.
இடைவெளி பார்" என்று உடனே பதில்.
நள்ளிரவு தாண்டி இன்னொன்று:
"அந்த மூடியை
இரண்டு விரலாவது தணிக்கமுடியுமா?"

வால்வைக் காலையில் பார்க்கிறேன்.
தேநீர்க் கிண்ணத்தில் மூன்று போல்ட் மிச்சம்.
எதிலிருந்து கழற்றியவை என்று தெரியவில்லை.
வண்டி ஓடுகிறது.